மனுக்காரர் நிரப்பிய படிவம்

கட்டிய மனைவியின் மனசுக்குத் தானே பதில் எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட ஆள், ஊர் உலகத்தில் மனுக்காரர் ஒருவராகத்தான் இருக்கும்.

தாலுகா அலுவலக வாசலில் மடக்கு மேசை போட்டு, மனு எழுதித் தந்து, பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களின் படிவங்களை நிரப்புகிறவர். கட்டம் எதையும் காலியாக விடக் கூடாது. அதிகாரி மறுகேள்வி கேட்கிற மாதிரி எதையும் எழுதக் கூடாது. இந்த இரண்டு வித்தையில்தான் பிழைப்பு ஓடியது.

குழந்தை பிறந்த ஆறாவது வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வந்தது. தாய் நிரப்ப வேண்டிய பத்துக் கேள்விகள். மனசு விட்டுச் சிரிக்க முடிகிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? படிவத்தைக் கண்டால் மனுக்காரர் கை சும்மா இருக்குமா? டீ ஆறுவதற்குள் பத்தையும் முடித்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்றார். அவள் படிக்காமலே போட்டாள். அவரிடம் வருகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் போடுவார்கள். அதனால் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான்காம் நாள் நர்ஸ் போன் செய்தாள். "உங்க வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லா இருக்காங்க சார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்கறதா இருந்தோம். இனி தேவையில்ல."

இந்த நல்ல சேதியைச் சொல்ல மனுக்காரர் மத்தியானமே மேசையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

"அப்ப நர்ஸ் வரமாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"நீதான் பத்துக்குப் பத்து வாங்கிட்டியே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சுவரில் காலண்டர். வியாழக்கிழமையைச் சுற்றிக் கண்மையால் ஒரு வட்டம். அவர் அதை அப்போதுதான் பார்த்தார்.

குழந்தை அழுதது. அவள் எழுந்து தொட்டிலருகே போய், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். தூக்கவில்லை. அவர்தான் தூக்கினார். அதற்குள் அவருடைய மாமியார் போனில் வந்தார். "பால் குடிச்சானா? தூங்கினானா? எடை ஏறிச்சா?" மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் வைத்துவிட்டார். நேற்று வந்த பெரியம்மாவும், "ராஜா மாதிரி பிள்ளை, உனக்கென்னடி குறை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போனாள். மனுக்காரர் மட்டும் என்ன ஒழுங்கு? தினமும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "என்னாச்சு?" என்று கேட்டு, "ஒண்ணுமில்ல" என்பதைக் கையோடு வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர்தானே.

ஜன்னலோரம் அவளுடைய காலை டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளோடு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். கேள்விகள் மனப்பாடம்.

"அந்தத் தாள்ல எழுதினது எல்லாம் என் பதில். தப்புதான். இப்ப நீ சொல்லு, நான் எழுதறேன். நானே போய் நர்ஸ் கையில குடுத்துட்டு வரேன்."

அவள் பேசவில்லை. அவரும் எழுந்து போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டம் காலியாகவே கிடக்க விட்டார்.

"இவனைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"பயமா இருக்கு" என்றாள். "என் பிள்ளைன்னே தோணல. யாராவது வந்து தூக்கிட்டுப் போயிட்டா நல்லா தூங்கலாம்னு இருக்கு. சில நேரம் நானே எங்கயாவது போயிடலாம்னு தோணுது. அப்படியே எழுதுங்க. அழகு பண்ணாதீங்க."