மயில் போட்ட சாக்ஸ்

கொடைக்கானல் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பெண்கள் ஊர்வம்பு பேசுவார்கள், இல்லையென்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். தமயந்திக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. அவளைப் பிடித்தது சாக்ஸ் பின்னுகிற பைத்தியம்.

அதுவும் ஒரே நிறத்தில் மொழுக்கென்று பின்னுகிற சாக்ஸ் இல்லை. பூவும் கொடியும் அலையும் கட்டமுமாக, இரண்டு மூன்று நிற உல்லன் நூலை மாற்றி மாற்றி எடுத்து, நாலு ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னுகிற சித்திரச் சாக்ஸ். அவள் புருஷன் கந்தவேல் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரன். அவன் மறந்துவிட்டுப் போன மப்ளரைக் கொடுக்கப் போனவள், அங்கே வராந்தாவில் ஒரு வெள்ளைக்கார டீச்சர் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மப்ளர் கொடுக்க வந்த ஞாபகமே இல்லாமல் அதைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியும் விட்டாள். அன்று முழுக்கக் கந்தவேல் நடுங்கியதுதான் மிச்சம்.

அந்த டீச்சரிடமே கற்றுக்கொண்டு பின்னிய முதல் ஜோடி அவனுக்குத்தான். பார்க்க அழகாக வந்தது, போடத்தான் முடியவில்லை. இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நூல் வேலை செய்ய, மற்ற நூல் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நூலை அவள் விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்ததால் சாக்ஸ் குதிகாலைத் தாண்ட மறுத்தது. கந்தவேல் கட்டிலில் மல்லாந்து காலைத் தூக்க, அவள் சுவரில் முட்டுக்கொடுத்து இழுக்க, கடைசியில் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனது. அதற்கப்புறம் பின்னால் ஓடும் நூலைத் தளர விடக் கற்றுக்கொண்டாள். யாராவது விலைக்குக் கேட்டால் மட்டும் அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்பாள். ஆசைப்பட்டுச் செய்கிற காரியத்துக்கு விலை கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் அவளுக்கு ஆறாத குறை ஒன்று இருந்தது. அவள் அப்பா வேலப்பன் பழனியில் மலைக்கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர். மகளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை அடிவாரத்தில் ஒரு சைவ ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். மறுவருஷமே ஹோட்டலை மூடிவிட்டார்கள். கந்தவேல் வேறு வழியில்லாமல் மலையேறி, துரைமார் பிள்ளைகளுக்குக் கறி ஆக்குகிற வேலையில் சேர்ந்தான். அவன் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. ஆனாலும் ஆக்கினான், வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. சேதி பழனிக்குப் போனது. "மாட்டுக்கறி வேக வைக்கிறவன் வீட்டுல நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் வேலப்பன்.

மனுஷர் நல்லவர்தான். ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட வார்த்தை இருக்கிறதே, அது நல்லவர்களைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தமயந்தி பழனிக்குப் போனால் அன்பாகப் பேசுவார், மாப்பிள்ளை பேச்சை எடுத்தால் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். வேலை முடிந்து வந்ததும், அந்தக் குளிரிலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் கந்தவேல் வீட்டு அடுப்படியில் காலெடுத்து வைத்ததில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழாத மாதிரி வாழை நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகையில், ஒரு நல்ல சேதி வந்தது. பெருமாள்மலை எஸ்டேட்காரர் வீட்டுக் கல்யாணம் தை மாதம் கொடைக்கானலில் நடக்கிறது; மாலை கட்ட வேலப்பனைப் பேசியிருக்கிறார்கள்; திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு முன்னால் மகளைப் பார்த்துவிட்டுப் போவதாக அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

தமயந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா வருகிறார்! வந்தால் ஒரு வாய் சாப்பிடுவாரா? சாப்பிட்டால்தான் மனசு ஆறிவிட்டது என்று அர்த்தம். சாப்பிடாமல் போனால், அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் இல்லை. அப்பா மனசைத் தொடுகிற மாதிரி என்ன செய்யலாம் என்று யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கோயில் வேலை செய்கிறவர், செருப்பே போடாதவர். வெடித்த வெறுங்காலோடு இந்தப் பனியில் வருவார். அந்தக் காலுக்குச் சாக்ஸ்!

என்ன சித்திரம் போடுவது என்பதையும் அவள் நொடியில் முடிவுசெய்தாள். மயில். விடிகாலையில் பூக்குடலையோடு மலைப்படி ஏறும்போது எங்காவது ஒரு மயில் தோகை விரித்து நின்றால், வேலப்பன் எவ்வளவு அவசரமானாலும் நின்றுவிடுவார். சின்ன வயதில் அவர் பின்னாலேயே ஏறிப் போனவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து வைத்து மயிலைக் கொண்டுவந்தாள். தோகைக்குப் பச்சை, கழுத்துக்கு நீலம். பாதம் முழுக்க வெறும் வெள்ளை. கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் மயில்கள். கொண்டை சரியாக வரவில்லையென்று எத்தனை தடவை பிரித்தாளோ, அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு அமீருன்னிசாதான் நூல் கொண்டுவந்து கொடுத்தாள். பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் சம்சுல் ஆலமின் மனைவி அவள். முடிந்த ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இது காலுக்கா புள்ள?" என்று கேட்டாள்.

"பின்ன, சாக்ஸக் கழுத்துலயாக்கா போடுவாக?" என்று சிரித்தாள் தமயந்தி.

அமீருன்னிசாவும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவங்க சாமி வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டதாகப் பின்னால் வருத்தப்பட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? பழனியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு உறைக்கவில்லை. பின்னல் கண்ணிகளை எண்ணி எண்ணியே தமயந்திக்கு மயில் ஒரு கணக்காகிவிட்டது. அது யாருடைய மயில் என்பதே மறந்துவிட்டது.

கல்யாணத்தன்று கந்தவேல் வெள்ளனே எழுந்து குளித்தான். பருப்பு வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தான், சோறு வடித்தான். "நான் இருந்தா மாமாவுக்குச் சங்கடம். நீ பக்குவமாப் பேசிக் குடு" என்று சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டான். போகிறபோது ரசச்சட்டியைக் கரியடுப்பின் ஓரமாக நகர்த்திவைத்தான். அந்த முதுகைப் பார்த்தபோது தமயந்திக்குப் பாவமாக இருந்தது.

உச்சிப்பொழுதில் மூடுபனிக்குள்ளிருந்து வந்தார் வேலப்பன். ஒரு துண்டு, ஒரு பை, வெறுங்கால். உதடு கறுத்திருந்தது. அவள் பாய் விரித்துக் கரியடுப்பின் பக்கத்தில் உட்காரவைத்தாள். விடியலிலிருந்து ஈர நாரையும் பனியில் நனைந்த பூவையும் கட்டிக் கட்டி அவர் விரல்கள் மடங்கவே இல்லை.

"சுடுதண்ணி தரட்டாப்பா?"

"வேணாம் தாயி. ஒன்னயப் பாத்துட்டேன், அது போதும். மூணு மணிக்கு வத்தலக்குண்டு பஸ்ஸு."

சரி, இதுதான் நேரம் என்று தமயந்தி பெட்டியைத் திறந்து சாக்ஸை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "உங்களுக்குன்னு நானே பின்னுனதுப்பா."

"என்னம்மா இது, காலுக்குப் போடுற மேஜோடா? ஒன் கையாலயா செஞ்ச?" அவர் முகம் மலர்ந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். விறைத்த விரலால் நீலக் கழுத்தைத் தடவினார், பச்சைத் தோகையைத் தடவினார். அப்புறம் அந்த விரல் நின்றது. சூடுபட்டவர்போல் இரண்டையும் பாயில் வைத்துவிட்டார்.

"மயிலு."

"ஆமாப்பா. உங்களுக்குப் பிடிக்கும்னுதான்."

"முருகன் ஏறுற மயில எங்காலுல போடச் சொல்லுறியா?"

"பாதத்துல இல்லப்பா... கணுக்காலுக்கு மேலதான..." என்று என்னவோ உளறினாள் தமயந்தி. சொல்லும்போதே அது சொத்தையான பதில் என்று அவளுக்குத் தெரிந்தது.

"காலு காலுதாம்மா. இந்த வீட்டுல வந்து இருந்தா எல்லாம் மறந்துரும்போல" என்றார் வேலப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. தவறு அவளுடையது; பழி அவனுக்கா? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாதுப்பா. புத்தியில்லாம செஞ்சது நான். இப்பவே பிரிச்சு மயில எடுத்துடறேன்!" என்று ஒரு சாக்ஸை வெடுக்கென்று எடுத்தாள். மேலிருந்து பின்னிக்கொண்டு வந்த சாக்ஸ் அது; மயிலை எடுக்க வேண்டுமானால் விரல்நுனி முடிச்சிலிருந்து பாதம் முழுக்கப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு மாத உழைப்பு. அவள் முடிச்சைப் பல்லில் கடித்தாள்.

வேலப்பன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸாக இருந்தது அந்தக் கை.

"பிரிக்காத. கட்டுனதப் பிரிக்காத தாயி."

"பிரிக்காம என்ன செய்யப்பா? அடுப்புல போடவா?"

அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை. பூக்கட்டுகிற அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த மாலை அளவு பிசகிவிட்டால் அதைப் பிரித்து மறுபடி கட்டமாட்டார்கள். அது பூவுக்குச் செய்கிற துரோகம். அதற்குப் பொருந்துகிற வேறு இடம் பார்ப்பார்கள். தமயந்தி சிறுமியாக இருந்தபோது தப்பும் தவறுமாகக் கட்டிய குட்டை மாலைகளையெல்லாம் அவர் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

"சாமி கழுத்துக்குப் பத்தலன்னா?" என்று மெதுவாகக் கேட்டார் வேலப்பன்.

தமயந்தி மூக்கை உறிஞ்சினாள். "வேலுக்குச் சாத்தணும்" என்றாள்.

அவர் அவள் கையிலிருந்த சாக்ஸை வாங்கினார். பிறகு தன் வலது கையை அதற்குள் விட்டார். நூலைத் தளர விட்டுப் பின்னியிருந்ததால் விறைத்த கை தங்குதடையில்லாமல் முழங்கை வரைக்கும் போனது. இடது கையை நீட்டினார். மற்றொன்றை அவள் மாட்டிவிட்டாள். இரண்டு கையிலும் மயில்கள் சுற்றி நின்றன. இரண்டையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "கதகதன்னு இருக்கு தாயி" என்றார். அவர் தோள் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

கரியடுப்போரம் இருந்த ரசச்சட்டியிலிருந்து மிளகு மணம் வந்துகொண்டிருந்தது. வேலப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பத்தான் பாடுபட்டார். மாலை கட்டி முடிகிற வரைக்கும் அவர் எதையும் வாயில் வைப்பதில்லை; விடியலிலிருந்து பட்டினி, அதை அவர் சொல்லித்தான் மகளுக்குத் தெரிய வேண்டுமா? தமயந்தி எழுந்து போய், கிண்ணத்தில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்ஸைக் கழற்றவும் இல்லை. மயில்களை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஒரு கவளம் உருட்டி அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்படியே கொடுத்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் காலையில் பார்த்த அந்த முதுகு நினைவுக்கு வந்தது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"அப்பா, இது அவரு வச்ச ரசம். வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சிட்டு, உங்களுக்குன்னே வச்சிட்டுப் போயிருக்காரு."

கவளம் பாதி வழியில் நின்றது. வேலப்பன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தாள் தமயந்தி. கவளத்திலிருந்து ஒரு சொட்டு ரசம் பாயில் விழுந்தது.

"ஆறிப்போகுதுல்ல, வெரசாக் குடு" என்று வாயைத் திறந்தார் வேலப்பன்.

முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்கு அவரே முன்னால் குனிந்தார்.

"மொளகு தூக்கல். இந்தக் குளிருக்கு அதுதான் சரி" என்றார். கொஞ்சம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மாப்ள எப்ப வருவாரு?" என்றார்.

"சாயந்தரமாயிரும்ப்பா. உங்க பஸ்ஸு மூணு மணிக்கே போயிருமே."

"நாளைக்கும் பஸ்ஸு இருக்கும்ல?"

தமயந்தி அழுதுகொண்டே அடுத்த கவளத்தை உருட்டினாள்.