பத்துக்குப் பன்னிரண்டு

"செவர டேப்பு வச்சு அளக்காவளே, யம்மா, என் காச்சல யாரு அளப்பா?" என்று ஐந்து வயது இசக்கிச்செல்வி கேட்ட அன்று, மேலகரத்தில் டாக்டர் உமாதேவியின் ஒற்றை அறைக்குள் நாற்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோள் ஒருவர்மேல் படவில்லை. வெளியே அந்த அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. உள்ளே, வருகிறவர்களுக்குத் தக்கபடி அகலும். புளியங்குடியில் எலுமிச்சை விலை ஏறி இறங்குவதைப்போல இதுவும் ஊருக்குப் பழகிப்போயிருந்தது. வைத்தியத்துக்கு இருபது ரூபாய். கொடுப்பவருக்கும் நிம்மதி, வாங்குபவருக்கும் நிம்மதி. இருவருக்கும் நடுவே, யாரும் கூப்பிடாமல், ஓர் அரசாணை வந்து உட்கார்ந்தது: வைத்தியம் பார்க்கும் அறை முந்நூறு சதுர அடி இல்லாவிட்டால் மூட வேண்டும்.

அளக்க வந்த ஆய்வாளர் முத்துகுமரன் எதிர்ச்சுவர் வரை நடந்தார். அறுபது தப்படி. டேப்பை இழுத்தார். பன்னிரண்டு அடி. மறுபடி நடந்தபோது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒங்களுக்கு நூத்திமூணு இருக்கும். இங்கன உக்காருங்க" என்றார் உமாதேவி.

"டூட்டில இருக்கேன், மேடம்."

"ஏட்டி, அரசாங்கத்துக்கே காச்சலு!" என்று வரிசையில் இருந்த சொக்கம்மாள் சொல்ல, காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து டாக்டரைப் பார்க்கும் முறை இசக்கிச்செல்வியுடையது. அவள் தன் ஏழாம் நம்பர் அட்டையை அவரிடம் நீட்டினாள். "நீங்க மொதல்ல போங்க, மாமா. ஒங்களுக்குத்தான் ரொம்ப வேர்க்குது."

அவர் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊசி போட்டதும் தெளிந்தார். தெளிந்தவர், தப்படிக்குப் படிவத்தில் இடமில்லாததால், பன்னிரண்டு என்று எழுதினார். எல்லோரையும் வெளியேற்றி, பூட்டி, அரக்கு வைத்துச் சாவியை எடுத்துப்போனார். யாரும் பார்க்காத காய்ச்சலோடு குழந்தை வெளியே போனது. தூரத்து ஊர் ஒன்றின் இலவச வைத்தியத்துக்கு அவள் தாய் இரண்டு நாள் கூலியை விட்டு வரிசையில் நின்றாள். முறை வந்தபோது இசக்கிச்செல்வியின் இடது காது கேட்காமல் போயிருந்தது. கோப்பில் அந்தக் காதுக்கும் இடமில்லை.

இரண்டு வருடம் உமாதேவி மனு எழுதினார். பதில்கள் வந்தன, எல்லாவற்றிலும் பன்னிரண்டு அடி. இரக்கத்துக்கு இடம் அளந்து கொடுப்பவன் கடவுள். அதற்குச் சதுர அடி கேட்க இவர்கள் யார்?

சாரல் காலத்து ஞாயிறு ஒன்றில் தெருவே அருவிக்குப் போயிருந்தது. முத்துகுமரன் தனியாக வந்து, அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்தார். ஆளில்லாத அறை நாற்பத்தாறு பேருக்கான அகலத்திலேயே காத்திருந்தது. டேப்பை அவர் கொண்டுவரவில்லை. நடந்தார். புதிய படிவத்தில் அறுபது என்று எழுதிக் கையெழுத்திட்டார். சட்டைப்பையிலிருந்த ஏழாம் நம்பர் அட்டையை எடுத்து, எண் மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தார். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனார்.