யாராவது பயன்படுத்துகிறீர்களா?

அறிவிப்பு மூன்றே வரிதான். "கட்டைவிரல் சுவிட்சின் பழைய மாதிரிக்கான பகுதியை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிட நினைக்கிறோம். யாராவது பயன்படுத்துகிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் யாரும் சொல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்."

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். அந்த சுவிட்சில்தான் அவள் அண்ணனின் பேச்சு மொத்தமும் இருந்தது.

அண்ணன் மீன் சந்தையில் ஏலம் விட்டவர். வெண்கலக் குரல். அவர் விலை சொன்னால் அடுத்த தெருவில் ஐஸ் உடைப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். பதினான்கு மாதங்களுக்கு முன் மூளையில் ரத்தம் அடைத்ததில், வலது கட்டைவிரல் ஒன்றைத் தவிர உடம்பு முழுவதும் சொல்பேச்சு கேட்காமல் போனது. இப்போது கட்டிலுக்கு எதிரே ஒரு கணினி. அதில் படங்களும் எழுத்துகளும் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது அவர் விரலால் சுவிட்சைத் தட்டுவார், கணினி பேசும். புது மாதிரி சுவிட்சுகளை அழுத்த அந்த விரலுக்குத் தெம்பில்லை. சரி, பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம் என்றால், அது மணிக்கொரு முறை உறைந்து நின்று பாதி வார்த்தையில் அவர் வாயை அடைத்தது.

கணினியை அப்படிப் பேசவைக்கும் மென்பொருளை யாரும் விற்கவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நரம்பு தேடி ஊசி குத்தத் தெரியும். நிரல் என்றால் காத தூரம் ஓடுவாள்.

"விவரம் தெரிஞ்சவங்க பேசுற இடம்ணே அது. நான் போய் என்னத்த சொல்ல?"

கணினி சொன்னது: "எழுது."

"என்னன்னு?"

"நான் இருக்கேன்னு."

"என் அண்ணன் பயன்படுத்துகிறார்" என்று எழுதி அனுப்பினாள். ஒரே ஒருத்தருக்காக யார் மெனக்கெடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அனுப்பினாள். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. அந்த வேலைக்கெல்லாம் பொறுப்பானவரை அங்கே ஆந்தை என்றே அழைத்தார்கள். முகம் பார்த்தவர் யாருமில்லை.

"அப்படியானால் நீக்கமாட்டோம். ஒருவர் போதும். ஆனால் எங்கள் யாரிடமும் அந்த சுவிட்ச் கிடையாது. சோதித்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. சம்மதமா?"

ஒருவர் போதும். ஆஸ்பத்திரியில் அண்ணனை டோக்கன் எண்ணாகவே நடத்துவதைப் பார்த்துப் பழகியவளுக்கு அந்த இரண்டு வார்த்தையை நம்பவே முடியவில்லை. சம்மதம் என்றாள்.

சோதனைப் பதிப்பு வந்தது. அண்ணன் தட்டினார். "தண்ணி தண்ணி" என்றது கணினி. "ஜன்னல் ஜன்னல்" என்றது. விரல் மெதுவாக எழுந்ததால் ஒரு தட்டலை இரண்டாக எண்ணியது.

அண்ணி சிரித்துவிட்டாள். "ஏலம் விட்ட புத்தி எங்க போகும்? ஒரு தரம், ரெண்டு தரம்!"

சுவிட்ச் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது ஒரு வரியில் ஓர் எண்ணாக இருக்கிறது, அதைக் கூட்டிப் பாருங்கள் என்றார் ஆந்தை. தங்கையும் அண்ணனும் ஞாயிறு மதியம் முழுக்க எண்ணை ஏற்றி இறக்கினார்கள். கடைசியில் "தண்ணி" ஒரே தண்ணியாக வந்தது. அந்த வரி இருந்த கோப்பைப் பெருமையோடு திருப்பி அனுப்பினாள்.

திரையில் வந்தது: "மாற்றப்பட்ட வரிகள்: 9,314."

பரிசோதனை அறிக்கை எழுதுகிற மென்பொருளில் அவள் கோப்பைத் திறந்திருந்தாள். அது கேட்காமலேயே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் செருகிவிட்டது. ஊரே பார்க்கிற இடத்தில் இப்படியா? பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

முதல் பதில்: "வாருங்கள், வாருங்கள். என் முதல் நாள், பன்னிரண்டாயிரம்." அடுத்தது: "நான் பயனர் கையேட்டையே அழித்தேன்." மாலைக்குள் பதினோரு பேர் தங்கள் முதல் நாள் மானக்கேட்டை வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் கடைசியில் ஆந்தை, சரியாகத் திறப்பது எப்படி என்று எழுதி, ஒன்றைச் சேர்த்திருந்தார்: "மாற்றும் முன் அந்த வரியின் வரலாற்றைப் பாருங்கள். யார், எப்போது, ஏன் என்று இருக்கும். காரணம் எழுதாமல் இங்கே எதையும் ஏற்பதில்லை."

தங்கை திறந்தாள். ஒற்றை எண் உள்ள ஒற்றை வரி. அதைப் பத்தொன்பது ஆண்டுகளில் இருபத்தாறு பேர் தொட்டிருந்தார்கள்.

"ஏன்: என் மகளுக்கு விரல் நடுங்குகிறது."

"ஏன்: குளிர் நாட்களில் அப்பாவின் கை மெதுவாகிறது."

"ஏன்: என் வகுப்புப் பையன் ஒருவன் பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் அழுதான்."

"ஏன்: தெரியவில்லை. ஆனால் இப்போது வேலை செய்கிறது."

அண்ணனுக்கு நோவு வந்தபின் தாங்கள் மூன்று பேரும் தனியாகத் திண்டாடுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர் படுக்கையில் விழுவதற்குப் பல வருஷம் முன்பே, முன்பின் தெரியாத மனிதர்கள் இப்படி ஒரு விரலுக்காக உட்கார்ந்து மண்டையை உடைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அண்ணன் இமைக்காமல் கேட்டார்.

மறுநாள் முறையாகத் திருத்தினாள். மாற்றப்பட்ட வரிகள்: 1. கீழே காலியாக ஒரு கட்டம்: "ஏன்?"

"பழைய சுவிட்ச் இரட்டிப்பாக" என்று அவள் ஆரம்பித்ததும் கணினி குறுக்கிட்டது.

"இரு. நான்."

"நீ எழுதினா நேரமாகும்ணே."

"ஆகட்டும்."

முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்துகள் ஒளிர்ந்து நகர்ந்தன. விரல் காத்திருந்து தட்டியது. தவறினால் முழுச் சுற்றும் மறுபடி வரும்வரை பொறுத்தது. தங்கை உதவப் போனாள், அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

விரல் ஓய்ந்ததும் தங்கை எழுந்து போய்க் கட்டத்தைப் படித்தாள்.

"ஏன்: நான் இன்னும் பேசி முடிக்கலை."

அவள் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. அப்படியே அனுப்பினாள்.