நம்மாத்து டாக்டர்

கோண்டுவின் வயிற்றைத் திறந்து எடுத்த மாங்கொட்டையை டாக்டர் ஷ்ரவண் கழுவி, ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தான். ரகுபதி அதைக் கூடத்து அலமாரியில் வைத்தார். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டினார்.

"கிழட்டு நாய். வேற எவன் கை வச்சிருந்தாலும் டேபிள்லயே போயிருக்கும். நம்மாத்துப் பையன் கைராசி அப்படி."

பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கூடத்து மூலையில் பழைய ஜமக்காளத்தின் மேல் கோண்டு படுத்திருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. அதற்குள் நரைத்த முகம். அதன் பக்கத்தில், தரையில், ரகுபதியின் தம்பி அம்பி உட்கார்ந்திருந்தார். குப்பியை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

மயிலாப்பூரில் அந்த வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான். ரகுபதி ஏஜி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. கோண்டு அம்பியின் நாய். மழையில் நனைந்து வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுருட்டி உள்ளே கொண்டுவந்தவர் அவர். ஷ்ரவண் அவர்களுடைய தங்கை ஹம்சாவின் பிள்ளை. ஹம்சா போன பிறகு அவனும் இதே கூடத்தில்தான் வளர்ந்தான். சின்ன மாமா அம்பி சோறு ஊட்டினார், பெரிய மாமா ரகுபதி படிக்க வைத்தார். இன்று அபிராமபுரத்தில் அவனுக்குச் சொந்தமாகக் கால்நடை கிளினிக். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியவர் ரகுபதி.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம்மவர் ஒருவர் ஒரு தொழிலில் இருந்தால், அந்தக் காரியத்துக்கு வெளியார் வாசலை மிதிப்பதில்லை. பெரியப்பா பேரன் போட்டோ பிடிக்கிறவன். அவன் எடுத்த நாலு கல்யாணப் படங்களிலும் மாப்பிள்ளைக்குத் தலை பாதிதான் இருந்தது. ஐந்தாவது கல்யாணத்துக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். நம்ம பிள்ளையை நாமே நம்பவில்லை என்றால் ஊர் எப்படி நம்பும் என்பது ரகுபதியின் கட்சி.

கோண்டுவின் தையல் ஆறவில்லை. முதலில் நீர் கசிந்தது, பிறகு அந்த நீரில் ஒரு வாடை வந்தது. கஞ்சியைக் கரண்டியால் புகட்டினால் சற்று நேரத்தில் அப்படியே வெளியே வந்தது. ஷ்ரவண் வந்து பார்த்தான், மாத்திரையை மாற்றினான்.

"மெதுவாத்தான் ஆறும் சின்ன மாமா. கவலைப்படாதீங்கோ."

"வயத்தைத் தொட்டா அழறதுடா."

"தெச்ச இடம் வலிக்காதா?"

அவன் போனதும் அம்பி அண்ணாவிடம் வந்து நின்றார். எழுபது வயதிலும் அண்ணாவுக்கு எதிரில் உட்காராத மனுஷர்.

"அண்ணா, அசோக் நகர்ல ஷண்முகப்ரியான்னு ஒரு லேடி டாக்டர் இருக்காளாம். ஸ்கேன் எல்லாம் அங்கேயே எடுக்கறா. ஒரு தடவை காட்டிண்டு வந்துடட்டுமா?"

ரகுபதி பேப்பரை மடித்தார்.

"எதுக்கு? ஷ்ரவணுக்குத் தெரியலைன்னு அவ வாயால சொல்லிக் கேக்கணுமா?"

"அதுக்கில்லை..."

"வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணோட அப்பா யாரு? வெட்னரி காலேஜ்ல பாடம் நடத்தினவர். இந்த ஊர்ல நாய் டாக்டர்னு போர்டு போட்டவன் பாதிப் பேர் அவர் ஸ்டூடண்ட். மாப்பிள்ளையாத்து நாயையே வேற இடத்துக்குத் தூக்கிண்டு போனான்னு அவர் காதுல விழணுமா? போ, போய் அதுக்கு ஜலம் குடு."

அம்பி போனார். ஆனால் அந்த வாடை ரகுபதியின் மூக்கை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் பூங்காவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் அபிராமபுரத்துக்கு நடந்தார். கிளினிக்கில் ஷ்ரவண் தனியாக இருந்தான்.

"உள்ளதைச் சொல்லு. கோண்டுக்கு என்ன?"

ஷ்ரவண் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அதிலேயே ரகுபதிக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஆபரேஷன் அன்னிக்கு, மூடறச்சே, ரத்தம் ஒத்தற காஸ் துணியில ஒண்ணு குறையறதுன்னு அசிஸ்டென்ட் சொன்னான் பெரிய மாமா. பக்கெட்ல விழுந்திருக்கும்னு நான் சொல்லிட்டேன். வெளியில நிச்சயதார்த்தப் புடவை பாக்கப் போகணும்னு கார் நின்னுண்டிருந்தது."

"உள்ளே இருக்கா?"

"இருக்கும்னுதான் தோணறது."

"தோணறப்போவே திறந்து எடுக்கறதுக்கென்ன?"

"அசிஸ்டென்ட் வரப்போற மாமனாரோட பழைய ஸ்டூடண்ட். திரும்பத் திறந்தா அன்னிக்கே அவருக்குப் போன் போயிடும். வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்தியாகட்டும் பெரிய மாமா. சனிக்கிழமை கார்த்தால நானே எடுத்துடறேன். அதுவரைக்கும் தாங்கும்."

"தாங்குமா?"

ஷ்ரவண் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினான். சின்ன வயதில் கணக்குத் தப்பாக வந்தால் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பான், அதே முகம். ஹம்சாவின் முகம். ரகுபதி எழுந்தார்.

"சரி. அம்பிக்குத் தெரிய வேண்டாம்."

வீட்டுக்கு வந்து தம்பியிடம், "சனிக்கிழமை ஷ்ரவண் இன்னொரு தரம் திறந்து பாக்கறானாம். அதுவரைக்கும் பேசாம இரு," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பாங்குக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் பீர் முஹம்மதுவின் ஆட்டோ. தெருமுனை ஸ்டாண்டில் எப்போதும் நிற்கிற வண்டிதான்.

"இன்னா சார், உனுக்குத் தெரியாதா? அம்பி சாரை இப்பத்தான் அசோக் நகர் ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்துகினு கீறேன். நாயி மேல கை வெச்சா அடுப்பு மாதிரி சுடுது. வண்டில வர சொல்லோ கண்ணு சொருகிப் போச்சு சார். ஏறு, இட்டுகினு போறேன்."

"கத்தாதே," என்றார் ரகுபதி. ஏறி உட்கார்ந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கோண்டு உள்ளே மேஜை மேல் இருந்தது. அம்பி வெளியே பெஞ்சில், சட்டையெல்லாம் நாயின் வாந்தியோடு. அண்ணாவைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார். வெகு நேரம் கழித்து ஷண்முகப்ரியா வந்தார். கையிலிருந்த எஃகுத் தட்டில் கறுத்துச் சுருண்ட ஒரு துணி. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"இதை உள்ள வச்சுத் தச்சிருக்காங்க. குடலோட ஒட்டிக்கிச்சு, கொஞ்சம் குடலை வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. பொழைக்கும்னு நினைக்கிறேன். ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம். யார் சார் முதல் ஆபரேஷன் பண்ணது? இதைச் சும்மா விடக் கூடாது."

அம்பி வாயைத் திறந்தார். ரகுபதி முந்திக்கொண்டார்.

"வெளியூர் போயிருந்தோம். தஞ்சாவூர்ப் பக்கம். யாரோ ஒருத்தர், பேர்கூடத் தெரியலை."

"பேர் தெரியாமலா ஆபரேஷன் பண்ண விட்டீங்க?"

"அவசரம்."

டாக்டர் அம்பியைப் பார்த்தார். அம்பி அண்ணாவைப் பார்த்தார். தட்டில் கிடந்த துணியைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான். தம்பி தனக்காக என்ன செய்தான் என்பது ரகுபதிக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு மானம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டார். நன்றி என்ற நினைப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை தி.நகர் மண்டபத்தில் ரகுபதி ஜரிகை வேஷ்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார். சின்ன மாமா எங்கே என்று கேட்டவர்களுக்கு ஜுரம் என்றார். மைக்கில் லக்னப் பத்திரிகை வாசித்தபோது குரல் சற்றும் பிசகவில்லை. பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து, "உங்காத்துக் கிழட்டு நாய்க்கே மாப்பிள்ளைதான் ஆபரேஷனாமே? எப்படி இருக்கு?" என்றார்.

"நன்னா இருக்கு. எல்லாம் அவன் கைதான்."

ஷ்ரவண் தலையைக் குனிந்துகொண்டான். சம்பந்தி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கோண்டு வீட்டுக்கு வந்தபோது அதன் எடை பாதியாகியிருந்தது. அம்பி அதைக் கூடத்தில் போடாமல் தன் அறையில் போட்டுக்கொண்டார். மிக்ஸியில் அடித்த கஞ்சியை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். வயிற்றுக்குக் கீழே ஈரிழைத் துண்டைக் கொடுத்து, இரு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்கட்டில் அடிமேல் அடியாக நடத்தினார். காலையும் மாலையும் காயத்தைத் துடைத்தார், மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தார். கூம்பைக் கழற்றிக் கழுவுகிற கொஞ்ச நேரமும் அதன் முகத்தைத் தன் கைகளுக்குள்ளேயே வைத்திருந்தார்.

ஒரு நாள் ரகுபதி துண்டின் ஒரு முனையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"நான் பிடிக்கறேன், நீ முன்னாடி போ."

அம்பி துண்டை விடவில்லை. அண்ணாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

"வேண்டாம். எனக்குப் பழகிடுத்து."

பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிட வா என்பதும், பால்காரன் வந்தாச்சு என்பதும்தான்.

மாதம் ஒன்றரை ஆனது. கோண்டு தானாக நின்றது, தானாக நடந்தது, வாசல் கேட் வரை போய்க் காய்கறி வண்டிக்காரனைப் பார்த்துக் குரைத்தது. தெருவில் எல்லோரும் அதிசயித்தார்கள். ரகுபதி எல்லோரிடமும் ஷ்ரவண் பேரைச் சொன்னார். பூங்காவிலும் சொன்னார். அபிராமபுரம் கிளினிக்கில் கூட்டம் கூடியது.

எதிர் வீட்டு ஷீலா பள்ளிக்கூட டீச்சர். ஒரு காலை தன் கிழட்டு லாப்ரடாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தவர், ரகுபதியைக் கண்டதும் கேட்டருகே வந்தார். அம்பியும் அங்கேதான் கோண்டுவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், டயானாக்கு வயித்துல கட்டியாம். உங்க டாக்டர்கிட்டயே போயிடலாம்னு பாக்கறேன். கோண்டுவைப் பாத்துத்தான் தைரியம் வந்தது."

"தாராளமாப் போங்கோ. நான் சொன்னேன்னு சொல்லுங்கோ."

"வேண்டாம்மா," என்றார் அம்பி.

ஷீலா திரும்பினார். ரகுபதியும் திரும்பினார். அண்ணாவின் பேச்சுக்கு நடுவே, அதுவும் வெளியார் எதிரில், அம்பி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அசோக் நகர் போங்கோ. இவனைப் பொழைக்க வச்சது அந்த லேடி டாக்டர். ஷ்ரவண் இவன் வயத்துக்குள்ள துணியை வச்சுத் தெச்சுட்டான்."

ரகுபதி சிரித்தார். சிரிப்பு அவ்வளவு சரளமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"அம்பிக்கு இப்போல்லாம் புத்தி நிதானத்துல இல்லைம்மா. டி.வி.ல பாக்கறதையெல்லாம் ஆத்துல நடந்ததா நினைச்சுக்கறான். மருந்து குடுத்துண்டிருக்கோம். வெளியில சொல்லிக்கறதில்லை."

"ஐயோ, சாரி சார், எனக்குத் தெரியாது." ஷீலா அம்பி பக்கம் குனிந்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "கோண்டு நல்லா இருக்கான் அங்கிள். பயப்படாதீங்க. சரியா?"

அம்பி அண்ணாவை ஒரு முறை பார்த்தார். கோண்டுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆட்டோ அபிராமபுரம் பக்கம் திரும்பியது. குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான். ரகுபதி நிமிர்ந்து நின்றபடி, அது தெருமுனை தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பொழுது விடிந்தபோது அம்பியின் அறையில் ஜமக்காளம் இல்லை, கஞ்சிக் கிண்ணம் இல்லை, நாய் இல்லை. கோட்டூர்புரத்தில் சிநேகிதர் ஒருவரின் மாடி அறையில் கோண்டுவோடு தங்கியிருப்பதாகப் பீர் முஹம்மதுதான் வந்து சொன்னான். ரகுபதி போய்க் கூப்பிடவில்லை. பெரியவன் போய்ச் சின்னவனைக் கெஞ்சுவது அந்தக் குடும்பத்தில் கிடையாது.

அந்த வாரம் பூங்காவில் அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஷீலா யாரிடமோ சொல்லி, அது சுற்றி இங்கே வந்திருந்தது. கடைசியில் ஒருவர் கேட்டேவிட்டார்.

"ஏன் சார், புத்தி சரியில்லாத தம்பியை, பாவம், ஒரு நாயோட தனியா அனுப்பி வச்சுட்டீங்களாமே? நெஜமா?"

அம்பியின் புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால் அவன் வாசலில் சொன்னது எல்லாம் நிஜமாகிவிடும். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ரகுபதி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமாம்," என்றார். "ஆத்துல வச்சுக்க முடியலை."