சிரட்டை நின்ற இடம்

கொழும்பில் பந்தடிக் கலவரம் நடந்த செய்தியை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வானொலியில் கேட்டோம். இறுதிப் போட்டி குழம்பியது, நாற்பது பேர் வரை காயம், பார்வையாளர் கொட்டகை எரிந்தது, மத்தியஸ்தர் தாக்கப்பட்டார் என்று சொன்னார்கள். மத்தியஸ்தரின் பெயரைச் சொல்லவில்லை. ஊர்காவற்றுறையில் அதைச் சொல்லத் தேவையுமில்லை. அவர் என் அக்கா மாக்கிறேற்றின் கணவர் சில்வெஸ்ரர். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் கிளறிக்கல் வேலை. தீவுப் பகுதியிலிருந்து கொழும்பில் இறுதிப் போட்டிக்கு விசில் ஊதப் போன முதல் ஆள் அவர்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

இது 1969ஆம் ஆண்டு ஆவணி மாதம். நான் அக்கா வீட்டில் தங்கி, பின்னேரங்களில் இங்கிலீசு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் பத்து வரியாவது கொப்பியில் எழுத வேண்டும் என்பது வகுப்பின் கட்டளை. அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யார் எந்த நாள் என்ன சொன்னார் என்பதில் பிழை இருக்காது. நான் விளங்கிக்கொண்டதில் இருக்கலாம்.

திங்கட்கிழமை பின்னேர பஸ்ஸில் பேப்பர் வந்தது. வாசிகசாலையில் யாக்கோப்பு உரத்து வாசித்தான். அவன் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, நீலச் சட்டைக்காரனின் கையில் பந்து பட்டதென்று மத்தியஸ்தர் பெனல்ரி கொடுத்தார். மஞ்சள் சட்டைக்காரர் கோல் போட்டார்கள். அதோடு நீலப் பக்கத்துச் சனம் வேலியைப் பிரித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் ஒரு வரி: வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த பெண்ணொருவர் மிதிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். யாக்கோப்பு அந்த வரியை வேகமாக வாசித்துவிட்டுப் பெனல்ரிக்குத் திரும்பிப் போனான்.

புதன்கிழமை காலை அத்தான் வந்து சேர்ந்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. உதடு வீங்கியிருந்தது. அக்கா படலையடியில் நின்று அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடது கையிலிருந்த சூட்கேசை வாங்கினாள்.

"சாப்பிட்டனீங்களோ?"

"மாகோ ஸ்ரேசனிலை தேத்தண்ணி குடிச்சனான்."

"அது நேத்து இரவெல்லே. வாங்கோ."

அன்று பின்னேரம் தொடங்கிச் சனம் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் கூழ் கொண்டுவந்தார். ஒருவர் முட்டை. ஒருவர் நண்டு. அத்தானின் கையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "பெனல்ரிதானே?" அன்றைக்கு வந்த பதினேழு பேரில் பதினைந்து பேர் அதைக் கேட்டதாகக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். மற்ற இருவரில் ஒருவர் காது கேளாதவர். அத்தான் எல்லோருக்கும் "ம்" என்றார். பிறகு கை வலிக்கிறதென்று அறைக்குள் போய்விட்டார்.

அவர் உள்ளே போனதும் முற்றத்தில் ஆட்டம் தொடங்கியது. யாக்கோப்பு வெள்ளை மணலில் தென்னை ஈர்க்கால் கோடு கீறி மைதானம் அமைத்தான். நீலச் சட்டைகளுக்குச் சிப்பி. மஞ்சள் சட்டைகளுக்குப் பனங்கொட்டை. பந்துக்குப் புன்னைக்காய். அத்தானுக்கு எங்கள் குசினியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை. அந்தச் சிரட்டையைப் பந்துக்கு ஒரு முழம் தள்ளிக் கவிழ்த்து வைத்தார்கள்.

"இவ்வளவு கிட்ட நிண்டவன் பிழையாய் ஊதுவானோ?" என்றார் சவிரிமுத்து அண்ணை. அவர் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த வள்ளத்தில் தொழில் செய்கிறவர். "நான் சொல்லுறன், கை பட்டதுதான்."

"அண்ணை, நீங்கள் அண்டைக்கு அனலைதீவுக் கடலிலை நிண்டனீங்கள்," என்றான் யாக்கோப்பு.

"எங்கை நிண்டாலென்ன? சில்வெஸ்ரர் ஊதினவன் எண்டால் பட்டதுதான். உனக்குச் சந்தேகமோ?"

"எனக்கென்ன சந்தேகம்? நான்தானே கோட்டைக் கீறினனான்."

அக்கா வாளியோடு அந்த வழியால் வந்தாள். "பெனல்ரியோ கோணரோ, கோழிக்குத் தீன் போடுற இடத்திலை கீறாதேங்கோ," என்றாள். அவர்கள் மைதானத்தை முருங்கை மரத்தடிக்கு மாற்றினார்கள்.

வியாழக்கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டார். உதைபந்தாட்டச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். நடந்ததை இங்கிலீசில் அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். வருகிற புதன்கிழமைக்குள் கொழும்பில் கிடைக்க வேண்டும். அப்படியென்றால் திங்கட்கிழமை காலைத் தபாலில் போட்டாக வேண்டும்.

"கை ஏலாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவீரோ?"

எழுதுவேன் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. வகுப்பில் எனக்கு எழுத்துப்பிழை அதிகம்.

தொடக்கம் நன்றாகப் போனது. திகதி, மைதானம், ஆட்டம் தொடங்கிய நேரம், எத்தனையாம் நிமிடத்தில் யாருக்கு எச்சரிக்கை. அத்தானுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எண்பத்தாறாவது நிமிடம் வந்தது. 'அந்த வேளையில் நான் பந்திலிருந்து எட்டு யார் தூரத்தில்' என்று சொன்னார். ஒரு யார் மூன்று அடி. எழுதினேன். நான் எழுதிய வரியை எட்டிப் பார்த்தார்.

"வெட்டும்."

வெட்டினேன். 'பன்னிரண்டு யார்' என்றார். அதையும் வெட்டச் சொன்னார். பிறகு நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

என் இங்கிலீசு சரியில்லை என்பதற்காகத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் இருந்து, எழுதியதையெல்லாம் அகராதியைப் பார்த்துத் திருத்தி, வேறு தாளில் வடிவாகப் படியெடுத்தேன். வெள்ளிக்கிழமை அதே இடத்தில் நின்றார். சனிக்கிழமையும். சனிக்கிழமை, நான் கேட்காமலே, "அந்தக் கடலைக்கார மனிசியைப் பற்றி இண்டைய பேப்பரிலை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். எந்தக் கழகத்தைத் தடை செய்வது என்பதுதான் மூன்று பத்தியிலும் இருந்தது.

"ஆட்டத்துக்கு முந்தி அவவிட்டைத்தான் கடலை வாங்கிறனான்," என்றார். "எமிலி, தூரத்தை எழுத்திலை எழுதுறதோ இலக்கத்திலை எழுதுறதோ எண்டு உமக்கு யோசினை. எனக்கு எந்தத் தூரம் எண்டுதான் யோசினை. நான் கையைக் காணேல்லை."

நான் பேனையை மூடினேன்.

"நாற்பது யார் பின்னுக்கு நிண்டனான். ஓட ஏலாமல் போட்டுது. வயது நாற்பத்தொண்டு. முன்னாலை மூண்டு பேரின்ரை முதுகு. மஞ்சள் பக்கம் கத்தினது கேட்டுது. நீலச் சட்டைப் பெடியன் தன்ரை கையை ஒருக்காப் பாத்தான். அதைப் பாத்து ஊதினனான்."

"அப்ப பட்டிருக்குமே, அத்தான்?"

"பட்டிருக்கும். நான் காணேல்லை."

அதை எழுதினால் பதினான்கு வருடமாக அவர் சட்டையில் குத்தியிருந்த மத்தியஸ்தர் பட்ஜைச் சங்கம் திருப்பிக் கேட்கும். எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. 'எட்டு யார்' என்று எழுதினால் போதும். அவருக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? அன்றைய பத்து வரியில், ஏழு வரி மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்று மழை பெய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். யாக்கோப்பு நாலு தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். மனு. மூன்று நாளாக வீடு வீடாகத் திரிந்திருக்கிறான். நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்தும் கைநாட்டும். அறை யன்னலுக்கு நேரே நின்று வாசித்தான்: "'பந்து கையில் பட்டதென்பதில் ஊர்காவற்றுறை மக்களாகிய எங்களுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை என்பதைத் தாழ்மையுடன் உறுதிப்படுத்துகின்றோம்.' எப்பிடி, சில்வெஸ்ரர் அண்ணை? நாளைக்கு உங்கடை அறிக்கையோடை சேத்து அனுப்புவம்."

அத்தான் வெளியே வந்தார். சேட்டுப் போட்டிருக்கவில்லை. கட்டியிருந்த சாரத்தோடு முருங்கை மரத்தடிக்குப் போய்க் குந்தினார். இடது கையால் சிரட்டையை எடுத்தார். பந்தைத் தாண்டி, சிப்பிகளைத் தாண்டி, நடுக்கோட்டையும் தாண்டிக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். மூன்று பனங்கொட்டைகளை நகர்த்தி இடையில் வைத்தார்.

"நான் இஞ்சைதான் நிண்டனான்."

சவிரிமுத்து அண்ணை மணலில் குப்புறப் படுத்தார். கன்னத்தைச் சிரட்டையோடு வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இஞ்சை இருந்து பாத்தால் புன்னைக்காயே தெரியேல்லையடா."

"அதுதான். நீலச் சட்டைப் பெடியன் தன்ரை கையைப் பாத்தான், அதைப் பாத்து ஊதினனான்."

யாக்கோப்பின் முகம் சிவந்தது. "அப்ப எங்களை என்ன பொய்யர் எண்டே சொல்லுறியள்? நூற்றி நாற்பத்து மூண்டு பேர்!"

"உன்னை ஆர் போய் வாங்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்காகத்தான் திரிஞ்சனான்."

"தெரியும் தம்பி," என்றார் அத்தான். "அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு."

சவிரிமுத்து அண்ணை எழுந்து மணலைத் தட்டினார். "இதென்ன பெரிய கதை? நாங்கள் மீனைக் கண்டே வலை போடுறம்? தண்ணியின்ரை நிறத்தைப் பாத்துப் போடுறம். நீ அவன்ரை முழியைப் பாத்து ஊதினாய்."

"மீன் படாட்டி நீங்கள் வெறும் வள்ளத்தோடை வருவியள், அண்ணை. என்ரை வலையிலை சனம் எல்லோ மிதிபட்டது."

சவிரிமுத்து அண்ணை தன் கைநாட்டு எந்தத் தாளில் இருக்கிறது என்று யாக்கோப்பிடம் கேட்டார். அவன் தாள்களை மடித்துச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியேறினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கூழ்ப் பானையை எடுக்க ஒருவரும் நிற்கவில்லை.

அத்தான் மேசைக்கு வந்தார். நிறுத்தாமல் சொன்னார். நான் நிறுத்தாமல் எழுதினேன். நாற்பது யார். முதுகுகள். காணவில்லை. கீழே இடது கையால் கையெழுத்து வைத்தார். அது முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல இருந்தது. அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்ஜ் போயிடும், மாக்கிறேற்."

"போகட்டும். சனி ஞாயிறுகளிலை வீட்டை வாங்கோ. இஞ்சை வேலி பிரிச்சுக்கொண்டு மாடு வருகுது, அதுக்கு ஊதுங்கோ."

அத்தான் சிரித்தார். உதடு வெடித்து இரத்தம் வந்தது. அக்கா திட்டிக்கொண்டே சேலைத் தலைப்பால் ஒற்றினாள். அப்போதுதான் அவள் அழுவதைக் கண்டேன். நான் உறையில் விலாசம் எழுதப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் தபாற்கந்தோருக்குப் போகிறேன் என்று சொன்னேன். அத்தான் தானே போவதாகச் சொன்னார். தபாற்கந்தோருக்குப் போக வாசிகசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரம் அங்கே ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் நாலைந்து அடி பின்னால் நடந்தேன்.

வாசிகசாலை விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். சவிரிமுத்து அண்ணை மட்டும், "உந்தக் கட்டு எப்ப வெட்டுறது?" என்று கேட்டார்.

"ஆறு கிழமை, அண்ணை."

"வலியோ?"

"இரவிலை கொஞ்சம்."

சரியாக அந்த இடத்தில் கையைத் தாங்கியிருந்த துணியின் முடிச்சு அவிழ்ந்தது. அக்கா ஒருநாளும் தெருவில் அத்தானுக்குப் பக்கத்தில் நடந்தவளல்ல. எப்போதும் என்னோடு பின்னால்தான் வருவாள். அன்றைக்கு விறாந்தைக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் அவர் கழுத்தின் பின்னால் கொண்டுபோய், பல்லால் துணியை இழுத்து, முடிச்சை இறுக்கிக் கட்டினாள். அவசரப்படவில்லை. கட்டி முடித்து அவர் பக்கத்திலேயே நடந்தாள்.

விறாந்தை ஓரத்தில் யாக்கோப்பின் சைக்கிள் பாதையை மறித்துக் கிடந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, அப்படியே கடலைப் பார்த்தபடி, சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைத்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து போகிற அளவுக்கு வழி இருந்தது.