ஒரு கை நகம்

"போனியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"அக்கா, மெதுவா. மாடியில கேக்குது."

"கேக்கட்டும்! தெருவே அவன் கதையைப் படிச்சு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கு. இனிமே மறைக்க என்ன பாக்கி?"

மாடியில் கேட்கத்தான் செய்தது. மாடிவீட்டு அம்மாள் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்து வெகுநேரமாயிற்று. அந்தக் கம்பிகளுக்கு அப்படியொரு யோகம் அதற்கு முன் வந்ததில்லை.

கீழே அக்காள் ஒரு வார இதழைச் சுருட்டிப் பிடித்திருந்தாள், கரப்பான்பூச்சியை அடிக்கப் போகிறவள் மாதிரி. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் தங்கை. அந்த இதழில் தொடர்கதை எழுதுகிறவள் அவள்தான். தெருவில் அவளுக்குப் பட்டப்பெயரே 'தொடரும்'. அக்காள் பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைத் திற என்று அவள் சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் திறப்பான். அந்தத் தோரணை வீட்டிலும் உண்டு.

விஷயம் இதுதான். தொடர்கதையில் ஒருவன் பெண்டாட்டியையும் சின்னக் குழந்தையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போகிறான். அக்காள் புருஷனும் அப்படிப் போனவன்தான். எழுதட்டுமா என்று தங்கை முன்கூட்டியே கேட்டாள். "எழுது, நல்லா நாறடி" என்று அக்காளே ஆசீர்வாதம் பண்ணினாள். ஆனால் இந்த வாரம், கிளம்புகிற விடியற்காலையில், அவன் தூங்குகிற குழந்தையின் நகத்தை வெட்டுகிறான். ஒரு கை முடிகிறது. மறு கையைத் தொட்டதும் குழந்தை புரள்கிறது. அப்படியே விட்டுவிட்டுப் போகிறான்.

"அவன் போன அன்னிக்கு என் பொண்ணுக்கு ஒரு கையில நகம் வெட்டியிருந்துச்சு." அக்காளின் குரல் சட்டென்று இறங்கியது. கத்தியபோது வராத பயம் தங்கைக்கு அப்போதுதான் வந்தது. "இன்னொரு கையில வெட்டல. அந்தக் களேபரத்துல மிச்சத்தை நான்தான் வெட்டினேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

கற்பனை என்று சொல்லியிருக்கலாம். வாரம் தவறாமல் பொய் சொல்லிப் பிழைக்கிறவளுக்கு வீட்டில் ஒரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"போனேன்."

போகவைத்தவர் இதழின் ஆசிரியர். "உங்க வில்லன் அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கான்மா. நிஜமா ஒரு கெட்டவனைப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். ஊரெல்லாம் தேட வேண்டிய அவசியம் தங்கைக்கு இல்லை. நகரத்தின் மறுகோடியில் அக்காள் புருஷன் சலவைக்கடை வைத்திருந்தான். சட்டைக் காலரைத் தேய்த்தபடி, மன்னிப்பும் கேட்காமல் சமாதானமும் சொல்லாமல், நகம் வெட்டின கதையைச் சொன்னான்.

புத்தியுள்ளவள் அதைத் தலை வாரிவிட்டான் என்று மாற்றியிருப்பாள். இவளும் மாற்றித்தான் பார்த்தாள். அந்த இடம் உப்பில்லாமல் போயிற்று. திரும்ப நகத்தையே வைத்தாள். நல்ல விஷயம் ஒன்று அகப்பட்டுவிட்டால், எழுதுகிறவளுக்குக் கூடப் பிறந்தவள்கூடக் கண்ணில் படமாட்டாள்.

"அடுத்த வாரம் அவன் சாகணும்," என்றாள் அக்காள். "லாரியில அடிபட்டு, நாய்கூடத் திரும்பிப் பாக்காம சாகணும். இல்லேன்னா நானும் என் பொண்ணும் இந்த வீட்டுல இல்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, நடக்கிறவர்கள் காலில் இடிக்கும்படி நடுக்கூடத்தில் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், "எங்க போறோம் சித்தி?" என்று கேட்டது. அந்தக் குரல் இல்லாத வீட்டைச் சித்தியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சாகடிக்க உட்கார்ந்தாள். லாரியில் அடிபட்டவனின் செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. அதை எழுதியதும் அவன்மேல் இரக்கம் இன்னும் கூடிற்று. கிழித்தாள். நோயில் படுக்கவைத்தாள், அவளே அழுதாள். கிழித்தாள். நடுவில் ஆசிரியர் போன் பண்ணினார். "தயவுசெஞ்சு கொன்னுடாதீங்க! கதையைப் படிக்கிற ஒரு அம்மா அவனுக்கு வேலை வாங்கித் தரேங்கறாங்க!"

பெட்டிக்குள் துணி ஏறிக்கொண்டே இருந்தது. அக்காளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின. கதை அச்சுக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாலை, மேசை பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவ எப்படி இருக்கா, என்ன படிக்கறான்னு கேட்டானா?"

கேட்டார் என்று சொன்னால் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும். அக்காளின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை வருஷமும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"கேக்கல. நானே கேட்டேன், பொண்ணைப் பத்தி விசாரிக்க மாட்டீங்களா மாமான்னு. விசாரிச்சா வரவேண்டியிருக்கும், இங்க நிம்மதியா இருக்கேன்னார்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். இதழ் பறந்து வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"இதை ஏன்டி எழுதல?"

"எழுதினா அவர்மேல இருக்கற பரிதாபம் போயிடுமேன்னு..."

"அடிப்பாவி! நகத்தையும் வெட்டினான், அங்க போய் நிம்மதியாவும் இருக்கான். ரெண்டும் அவன்தான். பாதி ஆளைக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டிட்டு, என்னை முழுசா அழவிட்டியே." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுது. சாகவேண்டாம்."

அந்த வாரம் கதையில் அவன் சாகவில்லை. சட்டைகளை மடித்து அடுக்கி, ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுத்தான். வேலை வாங்கித் தருகிறேன் என்ற அம்மாள் போன் பண்ணி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னொரு வாசகி, "பாவி, ஆனாலும் பாவம்" என்றாளாம்.

ஆனாலும் அக்காள் போகத்தான் போனாள், கோபத்தில் அல்ல. அந்த வருஷமே விவாகரத்து வாங்கி, கடைவாய்ப்பல்லுக்கு வைத்தியம் பார்க்க வந்த, மனைவியை இழந்த ஒரு மின்கருவி மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள், இந்தத் தடவை ஏமாறமாட்டாள் என்று தெரு சிரித்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கின் ஊருக்கே போய்விட்டார்கள். தங்கை கொஞ்ச நாள் அந்த வீட்டிலேயே இருந்து பார்த்தாள். பிறகு காலிசெய்துவிட்டு, இதழ் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு குடிபோனாள்.