காலையில் திறக்கும் வெள்ளைப் பெட்டி

…அப்படியென்றால் பிரிண்டரையும் சேர்த்துத்தான் நிறுத்தித் தொலைத்திருக்கிறேன், வேறென்ன, போன வியாழக்கிழமை இருந்த எரிச்சலில் எதைத்தான் விட்டுவைத்தேன், இந்தக் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவே பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது, ஒன்பது மணிக்கு லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்து குவியும், ஒன்பதேகாலுக்குள் முதல் ரிப்போர்ட்டை அடித்து அனுப்பாவிட்டால் மேனேஜரம்மா போனில் பிடித்துக்கொள்வாள், இங்கே என்னடாவென்றால் திரையில் ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும், அப்டேட் வேண்டுமா என்று ஒன்று, பாட்டுக் கேட்கிறாயா என்று ஒன்று, தம்பி மகள் லீவுக்கு வந்தபோது ஏற்றிவிட்டுப் போன கார் ரேஸ், நடுவில் ஏதோ எழுத்து நிரம்பிய ஒரு வெள்ளைப் பெட்டி… உங்களையெல்லாம் யார் கூப்பிட்டது? மூடி மூடி விரல் ஓய்ந்துபோய், வியாழக்கிழமை டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் என்கிற, தானாகக் கிளம்புகிறவற்றின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை டிஸேபிள், டிஸேபிள், டிஸேபிள். படித்துப் பார்த்தேனா? எங்கே படித்தேன். மறுநாள் இரண்டே நிமிஷத்தில் திறந்துவிட்டது, அப்பாடா, இந்த வீட்டில் ஒன்றாவது நான் சொன்னதைக் கேட்கிறதே என்று இருந்தது. இப்போது பிரிண்டர் பேசமாட்டேன் என்கிறது. தம்பி அனுப்பிய ஃபாரத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த முதியோர் இல்லத்தில் காலியாக இருக்கிற ஒரே கட்டிலும் வேறு யாருக்கோ போய்விடும்.

கட்டில் அப்பாவுக்கு. நேற்று ராத்திரி தம்பி சொன்னான், அக்கா, எத்தன நாளைக்கு நீ ஒருத்தியே இழுத்துக்கிட்டுக் கெடப்ப, ஒடம்பப் பாரு, கையெழுத்த மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன். பாவம், அவனும் நல்லபடியாகத்தான் சொல்கிறான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. இந்த ஐந்து நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்… போன வாரம்வரை நன்றாக இருந்த மனுஷன், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, இதே கம்ப்யூட்டரில் பேப்பர் படித்து, மறக்காமல் அணைத்துவிட்டு, நான் எழுந்து வரும்போது டீ போடட்டுமா பாப்பா என்று கேட்கிறவர், எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் பாப்பாதான். வெள்ளிக்கிழமை எழுந்து வந்து, அம்மா எங்க என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த அம்மா? உங்கம்மாதான், ஆளையே காணோமே என்றார். உட்கார வைத்துச் சொன்னேன், அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சுப்பா என்று. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அம்மா அப்போதுதான் செத்த மாதிரி, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் சொன்னேன், மறுபடியும் அதே அழுகை. ஞாயிற்றுக்கிழமை காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு டியூட்டிக்குக் கிளம்பினார், ரிட்டயராகிப் பதினான்கு வருஷம். நேற்று நான்… நான் கத்திவிட்டேன், செத்துட்டாங்கப்பா, செத்துட்டாங்க, எத்தன தடவ சொல்றது என்று, பக்கத்து வீட்டு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சீ, என்ன வாய் இது. அதனால் இன்று காலை அவர் கேட்டதும் பொய் சொல்லிவிட்டேன், கடைக்குப் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க. நம்பிவிட்டார். ஆறு மணியிலிருந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது மணி எட்டரை.

சரி, பிரிண்டர். அந்தப் பட்டியலைத் திற… பெயர்களா இவை, மனுஷன் வாயில் நுழைகிறதா, பிரிண்டர் கம்பெனியின் பெயர் இதோ இருக்கிறது, எனேபிள், ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அதற்குக் கீழே என்ன இது, மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருக்க, இது ஒன்று மட்டும் தமிழில், 'காலை' என்று. இதையுமா அணைத்தேன்? யார் வைத்தது? வைரஸ் தமிழில் வருமா என்ன. மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, இருக்கிற இடத்தைக் காட்டு என்றால் காட்டுகிறது, சின்ன ஃபைல், திறந்தால்… ஐயோ, இது அந்த வெள்ளைப் பெட்டி. எத்தனை மாசமாக ஒன்பது மணிக்கு நான் எறும்பைத் தட்டிவிடுகிற மாதிரி மூடிக்கொண்டிருந்த அதே பெட்டி. முதல் வரி, அடுத்த ஷிப்டுக்கு. இந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும், பம்ப் ஹவுஸில் வேலை முடிந்து போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போவது, இரண்டாம் மோட்டார் சூடாகிறது, மூன்றாம் வால்வைத் தொடாதே, அதை எழுதாமல் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை அப்பா. இங்கே எழுதியிருக்கிறார்: 'நீ ரிட்டயராகிவிட்டாய். டியூட்டி கிடையாது. காக்கிச் சட்டை பழக்கத்துக்காக மட்டும் மாட்டியிருக்கிறது. அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், அமைதியாக. நீ பக்கத்தில் இருந்தாய், கையைப் பிடித்திருந்தாய். தேடாதே. மகளிடம் கேட்காதே, அவளால் தாங்க முடியாது. முகம் கழுவு. டீ போடட்டுமா என்று கேள். படித்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணை.' ஃபைல் உண்டான தேதியைப் பார்த்தேன், ஒன்பது மாதம். கீபோர்டு சரிபண்ண வந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாரே, அவன் பொழப்பைக் கெடுக்காதீங்கப்பா என்று நான்கூட அதட்டினேனே, அப்போதுதான்.

ஆக, ஐந்து நாளில் வந்தது ஒன்றுமில்லை. ஒன்பது மாதமாக இருக்கிறது, எனக்குத் தெரியாமல் அவரே பிடித்து நிறுத்தி வைத்திருந்தார், நான் போய் அவர் முட்டுக்கொடுத்திருந்த கழியைத் தட்டிவிட்டேன், தட்டிவிட்டு, அப்பாவுக்கு மறதி முத்திப்போச்சுடா என்று தம்பிக்கு நானே போன் போட்டும் சொன்னேன். என்னை என்ன செய்தால் தகும்? ஒரு மகளாகப் பக்கத்திலேயே இருந்து என்ன பார்த்தேன், டீ வந்ததா, வந்தது, குடித்தேன், ரிப்போர்ட் அடித்தேன். யாரோ முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒரு புள்ளி பிசகாமல் அடிக்கிறவளுக்கு அப்பா முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. மகளிடம் கேட்காதே… அந்த வரியை மட்டும் அழித்துவிடலாமா? கேளுங்கப்பா, தாராளமாகக் கேளுங்கள், தாங்குவேன் என்று எழுதிவிடலாமா? நேற்றுக் கத்தினவள் நான்தானே, என்ன தைரியத்தில் எழுதுவது. அதுவும் போக, வேறு ஆள் எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டால், மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று… வேண்டாம், அவர் எழுதினது அப்படியே இருக்கட்டும். எனேபிள். அழுத்திவிட்டேன். அணைத்து, மறுபடியும் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். அப்பா, பேப்பர் படிக்கலையா, கம்ப்யூட்டர் போட்டிருக்கேன் வாங்க. அம்மா இன்னும் வரலையே பாப்பா, வெயில் ஏறுது, குடை எடுத்துக்கிட்டுப் போனாளா? நீங்க போய்ப் படிங்கப்பா, நான் பாத்துக்கறேன். எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போனார்.

நான் சமையலறையில் நின்றேன், குழாயைத் திறந்தேன், மூடினேன். அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் பத்து வரியைப் படிக்க? இரண்டு தடவை படிப்பாரா? ஒரு தடவை நாற்காலி நகர்ந்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம், பாத்ரூம் கதவு, தண்ணீர் விழுகிற சத்தம்… முகம் கழுவு என்று எழுதியிருந்தாரே. அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஒன்பது மாதத்தில் எத்தனை விடியற்காலை இப்படி, அந்த ஐந்து மணி இருட்டில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், பெண்டாட்டி செத்ததை முதல் தடவையாகத் தெரிந்துகொண்டு, அழுது, துடைத்துக்கொண்டு வந்து எனக்கு டீ போட்டிருக்கிறார். நான் கத்திச் சொன்னதை அந்தப் பெட்டி சத்தமில்லாமல் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைத்தானா இப்போது அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்? நல்லது செய்தேனா, பாவம் செய்தேனா? கதவருகில் வந்து நின்றார், நெற்றியில் ஈரம், கண் சிவந்திருந்தது, டீ போடட்டுமா பாப்பா என்றார். போடுங்கப்பா. பாத்திரத்தை எடுத்து வைத்தார், கை கொஞ்சமும் தடுமாறவில்லை, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி போன் அடித்தான், என்னக்கா, ஃபாரம் எடுத்தாச்சா? பிரிண்டர் இப்போ வேலை செய்யும்டா என்றேன், பிறகு, ஏன்டா, அங்க அவருக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் வெச்சுக்க விடுவாங்களா என்று கேட்டேன். எதுக்குக்கா, இந்த நிலைமையில அவர் அத வெச்சு என்ன பண்ணப் போறார் என்றான். அப்பா எனக்கு இரண்டடி தள்ளி நின்று சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார், அக்கா, அக்கா, லைன்ல இருக்கியா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.